நியூ ஜெர்சியில் சோனிங் முடிவை எதிர்த்து முறையிடுதல்: முழுமையான வழிகாட்டி

பின்புறம் ஓர் அறை கூட்டிக் கட்டவோ, டெக் போடவோ, வீட்டின் பேஸ்மென்ட்டில் நடன வகுப்பு நடத்தவோ நகராட்சியிடம் அனுமதி கேட்டவருக்குச் சோனிங் (ஊரைச் சோன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, எங்கே எதை எந்த அளவில் கட்டலாம் என்று வகுக்கும் விதிகள்) அதிகாரியிடமிருந்து மறுப்புக் கடிதம் வந்தால், பலர் திட்டத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் தெரிந்த கவுன்சில் உறுப்பினர் யாராவது உண்டா என்று தேடத் தொடங்குகிறார்கள். சட்டம் வகுத்திருக்கும் வழி இவ்விரண்டையும்விடத் தெளிவானது. எடிசனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வாங்கிக் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் அந்த வழியை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் 564 நகராட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோனிங் விதிகளும் வரைபடமும் உண்டு. ஆனால் அந்த விதிகளின்கீழ் எடுக்கப்படும் முடிவுகளை எதிர்க்கும் நடைமுறை மாநிலம் முழுவதற்கும் ஒன்றே: 1976 ஆகஸ்ட் 1 முதல் நடப்பிலிருக்கும் முனிசிபல் லேண்ட் யூஸ் லா என்ற நகராட்சி நிலப் பயன்பாட்டுச் சட்டம். கட்டணம், படிவம், கூட்டத் தேதி ஆகியவை ஊருக்கு ஊர் மாறும். கீழே சொல்லப்படும் காலக்கெடுக்களும் அளவுகோல்களும் மாறுவதில்லை. சட்டம் திருத்தப்படக்கூடியது என்பதால், மனுப் போடுவதற்கு முன் போர்டின் செயலரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

முறையீட்டைக் கேட்பது சோனிங் போர்டு ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட். அதில் ஏழு நிலையான உறுப்பினர்களும், அதிகபட்சம் நான்கு மாற்று உறுப்பினர்களும் இருப்பார்கள். எல்லோரும் அதே ஊரில் வசிப்பவர்கள். எவரும் தேர்தலில் வென்ற பதவியை வகிக்கக்கூடாது. 15,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களில், ஊரின் வளர்ச்சித் திட்டங்களைக் கவனிக்கும் பிளானிங் போர்டே இந்த வேலையையும் செய்யலாம். இந்தப் போர்டு நீதிமன்றத்தைப் போல இயங்கும் அமைப்பு: தன் முன் வைக்கப்பட்ட சாட்சியத்தையும் ஆவணங்களையும் மட்டும் கொண்டே முடிவெடுக்கும். பிற்பாடு வழக்கு நீதிமன்றம் போனாலும், நீதிபதி பார்ப்பது அன்று போர்டின் முன் பதிவான ஆவணத் தொகுப்பைத்தான். ஆகவே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது உங்கள் தேவையின் நியாயமன்று. அந்தத் தொகுப்பில் நீங்கள் எதைச் சேர்த்தீர்கள் என்பதே. இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றையே நோக்கியது.

முதல் படி: மறுப்புக் கடிதத்தைப் படித்தல்

கடிதத்தில் உங்கள் மனையின் பிளாக் எண், லாட் எண், அது எந்த சோனில் உள்ளது, எந்தப் பிரிவை உங்கள் திட்டம் மீறுகிறது என்பவை இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மறுப்பை எதிர்த்து முறையிடுவது கடினம். பிறகு நகராட்சியின் விதித் தொகுப்பில் உங்கள் சோனுக்கான அட்டவணையை எடுத்து, குறைந்தபட்ச மனைப் பரப்பு, முன், பின், பக்கவாட்டு செட்பேக் (மனையின் எல்லையிலிருந்து கட்டடம் தள்ளி நிற்க வேண்டிய தூரம்), கட்டடம் மூடும் பரப்பின் சதவீதம், உயரம் ஆகிய ஒவ்வொன்றையும் உங்கள் சர்வே வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அதிகாரி கவனிக்காமல் விட்ட மீறல் ஒன்று விசாரணை நாளில் வெளிப்பட்டால், புதிதாக அறிவிப்புக் கொடுத்து மீண்டும் வர வேண்டிய நிலை ஏற்படலாம்.

கடிதத்தின் தேதியைக் குறித்துவையுங்கள். அதிகாரியின் முடிவு தவறு என்று வாதிடுவதாக இருந்தால், 20 நாள்களுக்குள் அந்த அதிகாரியிடமே காரணங்களைக் குறிப்பிட்டு மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் எல்லா ஆவணங்களையும் போர்டுக்கு அனுப்பிவைப்பார்.

இரண்டாம் படி: எந்த வகை மனு என்று தீர்மானித்தல்

சட்டத்தின் 40:55டி-70 பிரிவு போர்டுக்கு நான்கு அதிகாரங்களைத் தருகிறது. அவற்றை ஏ, பி, சி, டி என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். அதிகாரி தவறு செய்தார் என்ற முறையீடு ஏ. விதியின் அல்லது வரைபடத்தின் பொருள் என்ன என்று போர்டிடம் விளக்கம் கேட்பது பி. அளவுகளில் விலக்கு கேட்பது சி வேரியன்ஸ். சோனில் அனுமதிக்கப்படாத பயன்பாட்டுக்கு விலக்கு கேட்பது டி வேரியன்ஸ்.

சி, டி இரண்டுக்கும் இடையிலான கோடு எப்போதும் நேரானதன்று. உயர வரம்பைப் பத்து அடி அல்லது பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அது சி ஆகாது, டி ஆகிவிடும். அனுமதிக்கப்பட்ட ஃப்ளோர் ஏரியா விகிதத்தையோ (மனைப் பரப்புக்கும் எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்புக்கும் உள்ள விகிதம்) குடியிருப்பு அடர்த்தியையோ மீறுவதும், முன்பிருந்தே விதிக்கு ஒவ்வாமல் நடந்துவரும் பயன்பாட்டை விரிவாக்குவதும் டி வகையே. இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் சி வேரியன்ஸுக்குக் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) இருக்கும் கூட்டத்தில் வந்தவர்களின் பெரும்பான்மை போதும். டி வேரியன்ஸுக்கு ஐந்து ஆதரவு வாக்குகள் கட்டாயம்.

நடன வகுப்பையே எடுத்துக்கொள்வோம். வாரம் இருமுறை சில குழந்தைகளுக்குப் பரதம் கற்பிக்கும் ஒருவரிடம், அது ‘பள்ளி’ என்றும் குடியிருப்பு சோனில் அதற்கு இடமில்லை என்றும் அதிகாரி சொல்கிறார். அந்த ஊரின் விதித் தொகுப்பு வீட்டிலிருந்தபடி செய்யும் தொழிலைச் சில வரையறைகளுடன் அனுமதித்திருந்தால், இவர் வேரியன்ஸ் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்; அதிகாரியின் வகைப்பாடு தவறு என்று ஏ, பி பிரிவுகளின்கீழ் முறையிடலாம். எனினும், ஒரே மனுவில் முதலில் அந்த முறையீட்டையும், அது ஏற்கப்படாவிட்டால் மாற்றாக வேரியன்ஸையும் கேட்பதே விவேகம். இரண்டு முறை கட்டணம் கட்டி, இரண்டு முறை அண்டை வீட்டாரை வரவழைப்பது யாருக்கும் நல்லதில்லை. வேரியன்ஸ் கேட்க அதிகாரியின் மறுப்பு முன்நிபந்தனை அல்ல; நேரடியாகவே போர்டிடம் விண்ணப்பிக்கலாம். ஏ முறையீட்டுக்கு மட்டும் அந்த 20 நாள் கெடுவைத் தவற விடக்கூடாது.

மூன்றாம் படி: எதை நிரூபிக்க வேண்டும்

நல்ல மனுக்கள் பல இங்குதான் தோற்கின்றன. “அப்பா அம்மா இந்தியாவிலிருந்து வந்து எங்களோடு தங்குகிறார்கள், அவர்களால் மாடி ஏற முடியாது, கீழே ஓர் அறை வேண்டும்” என்று சொன்னால் கேட்பவர் மனம் இளகும். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது சான்று அல்ல. சி வேரியன்ஸுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவதான சி(1) வகையில் காட்ட வேண்டிய இடர்ப்பாடு என்பது மனையோடு பிணைந்தது, மனிதரோடு அல்ல. மனை வழக்கத்துக்கு மாறாகக் குறுகியதா, ஆழம் குறைந்ததா, கோணலானதா, சரிவான நிலமா, முன்பே சட்டப்படி எழுப்பப்பட்ட கட்டடம் வேறு வழியில்லாமல் செய்கிறதா என்பதையே போர்டு பார்க்கும். பெற்றோர் இன்று இருப்பார்கள். வேரியன்ஸ் அந்த மனையோடு தலைமுறைகள் தாண்டியும் நிற்கும். போர்டு குடும்பச் சூழலைக் கணக்கில் எடுக்காததற்கு இதுவே காரணம், அது நியாயமான காரணமும்கூட. அதே பெற்றோருக்கான அறையை, “இந்த மனை மூலை மனை, இரண்டு பக்கமும் தெரு இருப்பதால் இரண்டு முன்புற செட்பேக் விழுகிறது, எனவே மற்றவர்கள் கட்டக்கூடிய இடத்தில் இங்கே கட்ட முடியவில்லை” என்று அளவுகளோடு காட்டினால், வாதம் சட்டத்தின் மொழியில் பேசத் தொடங்குகிறது. மனையை முந்தைய உரிமையாளரோ நீங்களோ பிரித்து விற்றதால் உண்டான குறுகலைக் காட்டி இடர்ப்பாடு என்று சொல்ல முடியாது. தானே வருவித்துக்கொண்ட இடர்ப்பாடு ஏற்கப்படுவதில்லை. மனைப் பரப்பே குறைவு என்றால், பக்கத்து மனைக்காரரிடம் நிலம் வாங்க முயன்றதற்கும் அவரிடம் விற்க முன்வந்ததற்கும் கடிதங்களைத் தயாராக வைத்திருங்கள். போர்டு நிச்சயம் கேட்கும்.

இடர்ப்பாடு எதுவும் இல்லாவிட்டால் சி(2) வழி உண்டு. விதியிலிருந்து விலகுவதால் வரும் நன்மை தீமையைவிட மிகுதி என்று காட்ட வேண்டும். இங்கும் நன்மை உங்களுக்கு மட்டுமானதாக இருந்தால் போதாது. அந்தப் பகுதிக்கு ஒரு மேம்பட்ட திட்டம் கிடைக்கிறது என்று காட்ட வேண்டும் என நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1988இல் வாரன் டவுன்ஷிப் வழக்கொன்றில் தெளிவுபடுத்தியது.

டி வேரியன்ஸுக்கு ‘சிறப்புக் காரணங்கள்’ வேண்டும். மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் காப்பகம், சூரிய மின் அமைப்பு போன்றவற்றை இயல்பிலேயே பொதுநலனுக்கு உகந்தவை என்று சட்டமே குறிப்பிடுகிறது; வழிபாட்டுத் தலங்களை நீதிமன்றங்கள் அந்த வரிசையில் சேர்த்திருக்கின்றன. மற்றவர்கள் அந்தக் குறிப்பிட்ட மனை அந்தப் பயன்பாட்டுக்குத் தனிப்பட்ட முறையில் பொருத்தமானது என்றோ, அனுமதிக்கப்பட்ட எந்தப் பயன்பாட்டுக்கும் அதை நியாயமாகப் பயன்படுத்த முடியாது என்றோ நிறுவ வேண்டும். எடிசனுக்கு அடுத்துள்ள சவுத் பிளெயின்ஃபீல்டில் தொழிற்சாலைப் பகுதியில் மோட்டல் கட்டக் கேட்ட வழக்கில், 1987இல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை உயர்த்தியது. நகர மன்றம் இந்தப் பயன்பாட்டை இந்த சோனில் சேர்க்காமல் விட்டதற்கும், இப்போது அதை அனுமதிப்பதற்கும் முரண்பாடு இல்லை என்று மனுதாரர் காட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. அன்றிலிருந்து டி வழக்குகளில் உரிமம் பெற்ற பிளானர் (நிலப் பயன்பாட்டுத் திட்ட நிபுணர்) ஒருவரின் சாட்சியம் இல்லாமல் செல்வது ஏறக்குறைய வீண் முயற்சி.

சியானாலும் டியானாலும், பொதுநலனுக்குக் கணிசமான தீங்கு இல்லை, சோனிங் திட்டத்தின் நோக்கம் கணிசமாகக் குலையவில்லை என்ற இரண்டையும் சேர்த்து நிறுவ வேண்டும். இதைப் பலர் கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். எதிர்ப்பாளர்கள் தாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான்.

நான்காம் படி: மனுவும் கட்டணமும்

சர்வே, வரைபடம், புகைப்படங்கள், சொத்துவரி பாக்கி இல்லை என்ற சான்று ஆகியவற்றைச் செக்லிஸ்ட்டின்படி இணையுங்கள். விண்ணப்பக் கட்டணம் தவிர, எஸ்க்ரோ என்ற முன்பணமும் கேட்பார்கள். போர்டின் பொறியாளரும் பிளானரும் உங்கள் மனுவைப் பரிசீலிக்கும் செலவு அதிலிருந்து கழியும், மீதி திரும்ப வரும். வீடு உங்கள் பெயரில் இருந்தால் நீங்களே வாதாடலாம். எல்எல்சி அல்லது நிறுவனத்தின் பெயரில் இருந்தால் வழக்கறிஞர் வேண்டும்.

மனு முழுமையானதா இல்லையா என்பதை 45 நாள்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழுமையானதாகவே கருதப்படும். அதன்பின் 120 நாள்களுக்குள் போர்டு முடிவெடுக்க வேண்டும், இல்லையெனில் மனு ஏற்கப்பட்டதாகும். அதனால் விசாரணை நீளும்போது கால நீட்டிப்புக்கு உங்கள் ஒப்புதலைக் கேட்பார்கள். நியாயமான கோரிக்கையை மறுப்பதால் நன்மையில்லை. ஆனால் எந்தத் தேதிவரை என்பது பதிவில் வரட்டும். இன்னொன்று: மனு தாக்கலான நாளில் இருந்த விதிகளே அதற்குப் பொருந்தும் என்ற சட்டம் 2011 மே 5 முதல் நடப்பில் உள்ளது. இடையில் நகராட்சி விதியை மாற்றினாலும் பெரும்பாலும் உங்கள் மனு பழைய விதியின்படியே பார்க்கப்படும்.

ஐந்தாம் படி: அறிவிப்பு

இதில் பிழை நேர்ந்தால் போர்டுக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை. வென்ற பின்னும் முடிவு செல்லாததாகிவிடும். மனையிலிருந்து எல்லாத் திசைகளிலும் 200 அடிக்குள் உள்ள சொத்து உரிமையாளர்கள் அனைவருக்கும், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன், நேரிலோ சர்ட்டிஃபைட் தபாலிலோ அறிவிப்புச் சேர்ப்பிக்க வேண்டும். அதே 10 நாள் கெடுவுக்குள் பொது அறிவிப்பும் வெளியாக வேண்டும். அதை எங்கே வெளியிடுவது என்பதைப் போர்டின் செயலர் சொல்வார். 200 அடி எல்லை பக்கத்து ஊருக்குள் போனால் அங்குள்ள உரிமையாளர்களுக்கும் அந்த ஊரின் கிளார்க்குக்கும், மனை கவுன்டி சாலையை ஒட்டியிருந்தால் கவுன்டி பிளானிங் போர்டுக்கும், மாநில நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தால் போக்குவரத்து ஆணையருக்கும் அனுப்ப வேண்டும்.

உரிமையாளர் பட்டியலை நீங்களே தொகுக்க வேண்டாம். நகராட்சியிடம் கேட்டால் ஏழு நாள்களுக்குள் தர வேண்டும். கட்டணம் பெயருக்கு 25 சென்ட் அல்லது 10 டாலர், இவற்றில் எது அதிகமோ அது. அந்தப் பட்டியலை நம்பி அனுப்பினால், அதில் ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும் உங்கள் அறிவிப்பு செல்லும். நீங்களே தேடி எடுத்த பட்டியலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அறிவிப்பில் தேதி, நேரம், இடம், மனையின் முகவரி அல்லது பிளாக், லாட் எண், ஆவணங்களை எங்கே எப்போது பார்க்கலாம் என்பவற்றுடன், என்ன கட்டப் போகிறீர்கள் என்பது சாதாரண மனிதருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். லேஸி டவுன்ஷிப்பில் ஒரு பெரிய கேமார்ட் கடை வளாகம் வரவிருந்தபோது, அறிவிப்பு அதைச் சொல்லாமல் வணிக மனைகள் என்பதோடு நின்றுவிட்டது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அறிவிப்பைப் போதாது என்று கூறியது. மறைத்து எழுதுவதால் ஒருவரும் பயனடைந்ததில்லை. தபால் போய்ச் சேர்வதற்கு முன்பே வரைபடத்தை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரைச் சந்தித்துப் பேசிவிடுங்கள். சர்ட்டிஃபைட் கடிதத்தைப் பார்த்துத் திடுக்கிட்ட அண்டை வீட்டார்தான் விசாரணைக்குக் கோபத்தோடு வருகிறார்.

ஆறாம் படி: விசாரணை நாள்

வரைபடங்களும் ஆவணங்களும் 10 நாள்களுக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். சாட்சிகள் உறுதிமொழி எடுத்துப் பேசுவார்கள். எல்லாம் சொல்லுக்குச் சொல் பதிவாகும். உங்கள் சாட்சிகளை அண்டை வீட்டார் குறுக்கு விசாரணை செய்யலாம், நீங்களும் அவர்களுடைய சாட்சிகளைச் செய்யலாம். கடிதத்தைக் கேள்வி கேட்க முடியாது என்பதால், ஆதரவுக் கடிதங்களுக்கும் கையெழுத்து மனுக்களுக்கும் பெரும்பாலான போர்டுகள் மதிப்பளிப்பதில்லை. உங்களை ஆதரிக்கும் அண்டை வீட்டார் நேரில் வந்து இரண்டு நிமிடம் பேசுவது இருபது கையெழுத்துகளைவிட மேலானது.

உறுப்பினர் எவரையும் தனியாகச் சந்தித்துச் சிபாரிசு கேட்காதீர்கள், தெரிந்தவர்கள் மூலமும் கேட்க வைக்காதீர்கள். கோயிலிலோ சங்கத்திலோ பழக்கமானவர் போர்டில் இருந்தாலும் வழக்கைப் பற்றி அவரிடம் பேசக்கூடாது. விவகாரத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தனிப்பட்ட அல்லது பொருளாதார நலன் உள்ள உறுப்பினர் விலகியாக வேண்டும். விலகாமல் போட்ட ஒரு வாக்கு பின்னாளில் முழு முடிவையும் கவிழ்க்கக்கூடும்.

டி வேரியன்ஸ் என்றால், விசாரணை தொடங்கும்போது தகுதியுள்ள உறுப்பினர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தே பேர் என்றால் ஒருவரின் மறுப்பு கூடத் தோல்விதான். வேறு தேதி கேட்பது உங்கள் நலன் காக்கும் செயல், அதில் தயக்கம் வேண்டாம். முந்தைய கூட்டத்துக்கு வராத உறுப்பினர், ஒலிப்பதிவைக் கேட்டோ எழுத்துப்படியைப் படித்தோ எழுத்தில் உறுதியளித்தால் வாக்களிக்கலாம்.

பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமியச் சங்கம் மசூதி கட்டக் கேட்ட விண்ணப்பம், விசாரணைப் பதிவு எத்தனை வலிமையுடையது என்பதற்குச் சான்று. அது வேரியன்ஸ் வழக்கு அல்ல, பிளானிங் போர்டின் முன் 39 விசாரணைகளைக் கண்டது. தேவாலயங்களுக்கு மூன்று இருக்கைக்கு ஒரு பார்க்கிங் இடம் என்றிருந்த அளவின்படி அவர்கள் 50 இடங்கள் காட்டியிருந்தார்கள். போர்டு 107 கேட்டது. விண்ணப்பம் மறுக்கப்பட்ட பின், அந்த வேறுபட்ட அளவுகோல் பதிவிலேயே இருந்ததைக் கொண்டு 2016 டிசம்பர் 31 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் மசூதித் தரப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. 2017 மே மாதத்தில் டவுன்ஷிப் 32.5 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. மசூதிக்கு அனுமதியும் கிடைத்தது. பொறுமையாக ஒவ்வொரு கூட்டத்திலும் சாட்சியத்தைப் பதிவு செய்துவந்தவர்களுக்கே அது இயன்றது.

விசாரணையின் நடுவே போர்டு உறுப்பினர் ஒருவர், “இந்த அறையை நான்கு அடி குறைத்தால் என்ன?” என்று கேட்டால், அதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே ஆதரிக்க முடியும் என்பதை அவர் உங்களுக்குச் சொல்கிறார். எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு செல்லுங்கள்.

அண்டை வீட்டாரின் நிலையில் இருப்பவர்களுக்கு

பக்கத்து மனைக்குத் தவறாக அனுமதி கொடுக்கப்பட்டது என்று கருதினால், அதை அறிந்த, அல்லது நியாயமாக அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 20 நாள்களுக்குள் நீங்களும் ஏ முறையீடு செய்யலாம். முறையீடு தாக்கலானதும் அந்த முடிவின்கீழ் நடக்கும் வேலை நிற்க வேண்டும். நிறுத்தினால் உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்று அதிகாரி சான்றளித்தால் மட்டுமே விலக்கு. வேரியன்ஸ் விசாரணையில் எதிர்ப்பதாக இருந்தால், “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்பதை விட்டுவிட்டு, மழைநீர் எந்தப் பக்கம் வழியும், எந்த ஜன்னலுக்கு வெளிச்சம் மறையும், மாஸ்டர் பிளானின், அதாவது ஊரின் நீண்டகால வளர்ச்சித் திட்டத்தின், எந்த நோக்கம் குலையும் என்று குறிப்பாகப் பேசுங்கள்.

ஏழாம் படி: தீர்மானமும் நீதிமன்றமும்

வாய்மொழி வாக்கெடுப்போடு எதுவும் முடிவதில்லை. கண்டறிந்த உண்மைகளும் காரணங்களும் அடங்கிய எழுத்துத் தீர்மானத்தை 45 நாள்களுக்குள் போர்டு நிறைவேற்ற வேண்டும். பிறகு முடிவு குறித்த சுருக்கமான அறிவிப்பு வெளியாகும். அந்த வெளியீட்டு நாளிலிருந்து இன்னொரு 45 நாள் ஓடத் தொடங்குகிறது. தோற்றவர் எவரானாலும் அதற்குள் சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குத் தொடரலாம். வென்றவர்கள் அந்த 45 நாளும் பொறுத்திருப்பது நல்லது. அதற்கு முன் அஸ்திவாரம் தோண்டினால், அண்டை வீட்டார் வழக்கில் வென்றால் வரும் நஷ்டம் முழுவதும் கட்டியவருடையதே.

டி வேரியன்ஸ் வழங்கப்பட்டதை எதிர்த்து மட்டும், ஊரின் விதி அனுமதித்திருந்தால், வெளியீட்டிலிருந்து 10 நாள்களுக்குள் நகர மன்றத்திடமே முறையிடலாம். மன்றம் 95 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். எல்லா ஊர்களிலும் இந்த வழி இல்லை.

நீதிமன்றம் புதிதாகச் சாட்சி கேட்காது. எழுத்துப்படியைச் செலவு செய்து தயாரித்துக் கொடுக்க வேண்டும். போர்டின் முடிவு மனம் போன போக்கிலானது, நியாயமற்றது என்று காட்டும் சுமை வழக்குத் தொடுத்தவருடையது. பயன்பாட்டு வேரியன்ஸை மறுத்த முடிவுக்கு, அதை வழங்கிய முடிவைவிட அதிக மதிப்பை நீதிமன்றங்கள் அளிக்கின்றன. ஆனால் விதியின் சொல்லுக்குப் பொருள் காண்பது சட்டக் கேள்வி என்பதால், அதில் போர்டின் கருத்துக்கு நீதிபதி கட்டுப்பட்டவரல்லர். அந்த நடன ஆசிரியர் வேரியன்ஸை மட்டும் கேட்காமல் பொருள் விளக்கத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தால், இந்தக் கட்டத்தில் அவருடைய நிலை வலுவாக இருக்கும்.

வழக்குக்குப் போகாமல் திட்டத்தைக் கணிசமாக மாற்றிப் புதிய மனுப் போடவும் தடையில்லை. அதே திட்டத்தை மீண்டும் கொண்டுவந்தால் மட்டும் முன்பே தீர்க்கப்பட்ட விவகாரம் என்று போர்டு ஒதுக்கிவிடும். மனு ஏற்கப்பட்டவர்கள் தீர்மானத்திலுள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, மரம் நடுவது, வேலி உயரம், வகுப்பு நேரம் என எதுவானாலும் நிறைவேற்றியதற்கான ஆவணத்தைச் சேர்த்துவையுங்கள். பல ஊர்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டுமான அனுமதி எடுக்காவிட்டால் வேரியன்ஸ் காலாவதியாகும். தாமதம் நேரும் என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். வேரியன்ஸும் அதன் நிபந்தனைகளும் மனையோடு சேர்ந்தே செல்வதால், வீட்டை விற்கும் நாளில் தீர்மானத்தின் சான்றிட்ட நகலை வாங்குபவரிடம் ஒப்படையுங்கள்.